பாலாறும் பாழாச்சு, நமக்கும் வயசாச்சு! உழவர் ஓய்வூதியம் பிச்சை அல்ல, பாக்கி!

(உழவர் ஓய்வூதியமும் நிலப்பாழ் இழப்பீடும் கேட்டு நடக்கும் ஆர்ப்பாட்டத்தை ஒட்டி, கிராமக் கூட்டங்களில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தைச் சுத்திமுத்தும் ஒருமுறை பாருங்க. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தலை கறுப்பாக இருக்கிறது? நடவு வயலுக்குப் போனாலும் இதே கதைதான். பேரன் பேத்தி எடுத்த கைகள்தான் குனிந்து நாற்று நடுகின்றன. மாடு பிடித்துக் கட்டுவதும், ராத்திரி கரண்டு வரும் நேரம் எழுந்துபோய் மோட்டார் போடுவதும் அறுபதைத் தாண்டியவர்கள்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பேருக்கு 10 பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். 2021-க்குப் போட்ட மதிப்பீட்டில் அது கிட்டத்தட்ட 14. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாம்தான். 2036 வந்தால் 100-க்கு 21 பேர், அதாவது ஐந்து பேரில் ஒருவர் வயசானவராக இருப்பார் என்று கணக்கு சொல்கிறது. பட்டணத்தில் வேலை இருக்கிறது, இளவட்டம் அங்கே போகிறது. கிராமத்தில் மிச்சம் இருப்பது நாம்.

ஏன் இப்படி ஆச்சு? அரசாங்கம் சொன்னதை நாம் கேட்டோம், அதனால்தான். சிவப்பு முக்கோணம் போட்டு, "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவர் சுவராக எழுதினார்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 1990-களிலேயே தமிழ்நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளை என்ற அளவுக்கு வந்துவிட்டோம். தடுப்பூசி வந்தது, சத்துணவு வந்தது, ஆயுசும் கூடியது. இது எல்லாம் நல்ல சேதி. ஆயுசு கூடியதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். கூடின ஆயுசுக்குச் சோறு யார் போடுவது என்பதுதான் கேள்வி.

நிலம்தான் நமக்கு பென்ஷன்

கவர்மென்ட் உத்தியோகஸ்தருக்கு வயசானால் பென்ஷன் உண்டு. நமக்கு என்ன இருந்தது? நிலம் இருந்தது. ஒரு ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, வரப்போரம் பத்துத் தென்னை, கொட்டகையில் ஒரு பசு. உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஏர் ஓட்டுவோம். தெம்பு குறைந்தால் மகன் ஓட்டுவான், நாம் மடை திருப்புவோம். அதுவும் முடியாவிட்டால் தென்னை காய்க்கும். தென்னையை வயசானவன் பயிர் என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளை கவனிக்கவில்லை என்றாலும், நிலம் அப்பன் பேரில் இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஒரு பயம் இருக்கும். குடும்பத்தில் பெரியவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த ஒரு ஏக்கரின் மரியாதை.

அந்த பென்ஷனைத்தான் இந்தத் தோல் பட்டையில் பிடுங்கிக்கொண்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வாலாஜா என்று பாலாற்றை ஒட்டி வரிசையாக டேனரிகள். ஒரு கிலோ தோல் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். டேனரியில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியே வருகிறது. அடுத்தது சுண்ணாம்பு, அதற்கடுத்தது குரோமியம். குரோமியத்தைப் பிரித்து எடுக்கலாம், சேற்றை வடிகட்டலாம். உப்பு அப்படிச் சுலபமாகப் போகாது. அதற்குத் தனி மெஷின் வேண்டும், ஆவியாக்கிப் பிரிக்க வேண்டும், கரண்டு செலவு கூடும். செலவை மிச்சம் பிடிக்க மழை பெய்கிற ராத்திரி பார்த்து ஆற்றில் திறந்துவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த உப்பு நம் கிணற்றுக்கு வந்தது. தென்னை ஓலை காய்ந்தது, காய் சிறுத்தது. நெல் போட்ட இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது. இலவச மின்சாரம் நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்து உயிர்களைப் பலிகொடுத்து விவசாயிகள் போராடி வாங்கினது. இங்கே கரண்டு இலவசம், ஆனால் மோட்டார் இறைப்பது உப்புத்தண்ணி.

இது நாம் மட்டும் சொல்கிற புகார் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் எடுத்த கணக்குப்படி, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பாழாக்கினவன்தான் பணம் கட்ட வேண்டும் என்ற விதி இந்தியாவில் நிலைபெற்ற வழக்குகளில் முக்கியமானது இது. சட்டக் கல்லூரியில் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். பாடம் அவர்களுக்கு, பாழ் நமக்கு.

பணம் எவ்வளவு வந்தது? தீர்ப்புப்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச் 7 அன்று உத்தரவு போட்டது. 186 கிராமம், 29,193 குடும்பம், 547 டேனரி, மொத்த இழப்பீடு 26.82 கோடி. நீங்களே வகுத்துப் பாருங்க. ஒரு குடும்பத்துக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் 1998 கடைசி வரைக்கும் ஆன சேதத்துக்கு. அதற்குப் பிறகு உப்பு நின்றுவிட்டதா? ஒரு பசு வாங்கக்கூடப் போதாத தொகை அது. அதையும் வாங்க முடியாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர்!

மறுபடியும் வழக்கு, மறுபடியும் வாய்தா. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புக் கொடுத்தது. கொடுக்காமல் விட்ட இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, டேனரிகளிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 1991-ல் வழக்குப் போட்டபோது 45 வயசில் இருந்தவருக்கு 2025-ல் 79. நியாயம் கிடைக்க எடுத்த காலத்தில் ஒரு தலைமுறையே கிழடு தட்டிப்போச்சு. பலபேர் போயே சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பங்கு இன்னும் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்துக் கிடக்கிறது.

பிள்ளைகள் எங்கே போனார்கள்?

நிலம் சோறு போடாது என்றானபோது பிள்ளைகள் எங்கே போவார்கள்? காலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து நிற்கிறது. பெரும்பாலும் பெண்பிள்ளைகள். நம் மகள், நம் மருமகள். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறார்கள், பசை தடவுகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது, நமக்குச் சர்க்கரை மாத்திரை வருகிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறோம்: தோல் தொழிலை மூடச் சொல்லவில்லை இந்தச் சங்கம். கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய், பாழாக்கினதற்குப் பணம் கட்டு, வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்து. அவ்வளவுதான் கேட்கிறோம்.

அந்தப் பிள்ளைகளின் வயசான காலத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். பி.எப். பென்ஷன் வாங்க குறைந்தது பத்து வருஷம் சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறி மாறிப் போகிற பெண்ணுக்கு, கல்யாணம், பிரசவம் என்று நடுவில் நின்றுவிடுகிற பெண்ணுக்கு, அந்தப் பத்து வருஷம் சேர்வது எவ்வளவு கஷ்டம்! சேர்ந்தாலும், குறைந்தபட்ச பென்ஷன் 2014-ல் நிர்ணயித்த 1,000 ரூபாய். தொழிலும் நிலையானது இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. வாஷிங்டனில் போட்ட வரிக்கு ஆம்பூரில் கம்பெனி பஸ் நிற்கும். மகளுக்கு வேலை நின்றால் பாட்டிக்கு மாத்திரை நிற்கும். வயசானவர் கஷ்டம் வேறு, இளவட்டத்தின் கஷ்டம் வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே அடுப்பில் கொதிக்கிற பானை.

இன்னொன்று. நூறு நாள் வேலையால்தான் நடவுக்கு ஆள் வரவில்லை என்று நம்மிலேயே சிலபேர் பேசுகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் தெரியும். மண்வெட்டியோடு நின்றவர்களில் இளவட்டம் எத்தனை பேர்? முக்கால்வாசி நம் வீட்டுப் பாட்டிமார்தானே! 2005 சட்டம் அவர்களுக்கு ஒரு மறைமுக முதியோர் பென்ஷனாக இருந்தது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். 125 நாள் என்று சொன்னார்கள். கூடவே செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். விவசாய வேலை மும்முரமான காலத்தில் 60 நாள் நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். அந்தப் பாட்டியை வீட்டுக்கு அனுப்பினால் நமக்கு நடவுக்கு ஆள் கிடைத்துவிடுமா? இளவட்டம் கம்பெனி பஸ்சில் இருக்கிறது. அதுதான் உண்மை.

அரசாங்கத்தின் கணக்கு

நல்லதை நல்லது என்று சொல்வோம். முதியோர் பென்ஷனை 1962-லேயே, மாதம் 20 ரூபாய் என்று, தொடங்கிய மாநிலம் நம்முடையது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்தன. இதெல்லாம் பெருமைதான்.

ஆனால் தொகையைப் பாருங்கள். மத்திய அரசு 1995-ல் 75 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2006-ல் 200 ஆக்கினார்கள். அதோடு சரி. 80 வயசு வரைக்கும் டெல்லியின் பங்கு அந்த 200-ஐ விட்டு நகரவே இல்லை. 2006-ல் ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? மாநிலத்தில் 2011-ல் 1,000 ஆனது. மேலும் 200 ரூபாய் ஏற்றி 1,200 ஆக்கப் பன்னிரண்டு வருஷம், 2023 ஆகஸ்டு வரை ஆச்சு. 1,200 என்றால் நாளுக்கு 40 ரூபாய். பேர்ணாம்பட்டு மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஆந்திரா. அங்கே 2024 ஜூலை முதல் மாதம் 4,000. கேரளாவில் 2025 நவம்பர் முதல் 2,000. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிழவிக்கு மட்டும்தான் பசிக்குமா?

தொகையை விடக் கொடுமை நிபந்தனை. ஆதரவற்றவராக இருக்க வேண்டும், சொத்து இருக்கக் கூடாது. சொத்து வரம்பு வெகுகாலம் 50,000 ரூபாய், பிறகு ஒரு லட்சம். நம் ஒரு ஏக்கரில் உப்பு பூத்துப் புல்கூட முளைக்காது. ஆனால் பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பில் அது பல லட்சம். காகிதத்தில் நாம் லட்சாதிபதி, தட்டில் கஞ்சி. "ஆம்பளைப் பிள்ளை இருக்கிறானே" என்று மனுவைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை பெங்களூரில் வாடகை கொடுக்கவே திணறுகிறான் என்பது எந்தக் காலத்திலும் எழுதப்படுவதில்லை. கணவன் போன பெண்ணின் பாடு இன்னும் மோசம். நாற்பது வருஷம் வயலில் குனிந்தவள், பட்டா அவள் பேரில் இல்லை என்பதால் அரசாங்கத்தின் கணக்கில் விவசாயியே இல்லை.

இத்தனையும் தாண்டி பென்ஷன் வந்தால், ரேகை விழவில்லை என்கிறார்கள். மண்ணிலும் சுண்ணாம்பிலும் ஐம்பது வருஷம் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? உழைத்துத் தேய்ந்ததே குற்றமா?

விவசாயிக்கென்று தனி பென்ஷன் இல்லையா என்று கேட்கலாம். 2019-ல் பிரதமர் பேரில் ஒரு திட்டம் வந்தது. 60 வயசில் மாதம் 3,000 ரூபாய். ஆனால் சேர்வதற்கு வயசு 18 முதல் 40 வரை, மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். அன்றைக்கே 40 தாண்டினவர்களுக்குக் கதவு சாத்தியாச்சு. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யாருக்கு அது?

காசு எங்கே இருக்கிறது?

முதியவர்கள் கூடிவிட்டார்கள், உழைக்கிற வயசில் இருப்பவர்கள் குறைகிறார்கள், எல்லோருக்கும் பென்ஷன் கொடுத்தால் கஜானா தாங்காது என்று படித்தவர்கள் டி.வி.யில் பேசுகிறார்கள். பதில் சொல்வோம்.

முதலாவது, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குப் பரிசு என்ன? மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக் குழுவில் 4.969 சதவீதம். 15-வது நிதிக் குழுவில் 4.079. ஜனத்தொகையைக் குறைத்ததும் ஒரு காரணமாகப் பங்கு குறைந்தது. பிள்ளையைக் குறைத்துக்கொள் என்று சொன்னதும் டெல்லி, குறைத்த பிறகு பங்கைக் குறைத்ததும் டெல்லி. வயசானவர் அதிகம் உள்ள மாநிலத்துக்குச் செலவு அதிகம், பங்கும் அதிகம் வேண்டும்.

இரண்டாவது, இந்தப் பட்டையின் தோல் ஏற்றுமதி டாலரும் யூரோவும் சம்பாதித்தது. அந்தச் சம்பாத்தியத்தில் நம் தண்ணீரும் நம் மண்ணும் செலவாகப் போயிருக்கிறது. முதலாளி கணக்கில் எழுதாத அந்தச் செலவை நாம் கட்டினோம். எதில் கட்டினோம்? நம் முதுமையில் கட்டினோம். அதைத் திருப்பிக் கேட்பது பாக்கி வசூல்.

மூன்றாவது, முதியவர் கையில் கொடுக்கிற பணம் சிங்கப்பூர் பாங்கிக்குப் போகாது. நம் ஊர் மளிகைக் கடைக்கும், மருந்துக் கடைக்கும், பேரன் நோட்டுப் புத்தகத்துக்கும்தான் போகும். பிரேசில் நாட்டில் 1988-ல் எழுதிய அரசியல் சட்டப்படி, விவசாயத்தில் உழைத்ததற்கு ஆதாரம் இருந்தால் போதும், ஆணுக்கு 60 வயசிலும் பெண்ணுக்கு 55 வயசிலும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் அளவுக்கு பென்ஷன். மாதாமாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பணம்தான் அங்கே எத்தனையோ சின்ன ஊர்களைப் பிழைக்க வைத்தது. ஜப்பான் 1970-லேயே விவசாயிகளுக்கென்று பென்ஷன் சட்டம் போட்டது. பிரேசில் நம்மைப் போல ஏழை ஜனம் நிறைந்த நாடுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நம் கையில் இருக்கிற வேலையை முடிக்க வேண்டும்.

பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் உடனே வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுங்கள். இழப்பீடு வந்தாலும், வருஷம் 6,000 ரூபாய் விவசாயி உதவித்தொகை வந்தாலும், காகிதம் சரியாக இருந்தால்தான் கைக்கு வரும். மனைவி பேரையும் கூட்டுப் பட்டாவில் சேருங்கள்.

பிள்ளைக்கு நிலத்தை தானசெட்டில்மென்ட் எழுதும்போது பாசத்தில் மொட்டையாக எழுதிக் கொடுக்காதீர்கள். "கடைசிவரை சாப்பாடும் வைத்தியமும் பார்க்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. நிபந்தனை எழுதியிருந்து பிள்ளை கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23-வது பிரிவு இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ.விடம் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். பிள்ளை மேல் கேஸ் போடுவதா என்று கூச்சப்படுகிறோம். பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கேஸ் போடவே வேண்டியிருக்காது.

நம் கோரிக்கைகள்

1. 60 வயதான சிறு, குறு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், ஆண் பெண் எல்லோருக்கும் மாதம் 5,000 ரூபாய் உழவர் ஓய்வூதியம் வேண்டும். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏற வேண்டும்.

2. சொத்து வரம்பு, ஆண்பிள்ளை இருக்கிறான் என்ற தடை, இரண்டையும் நீக்கு. பட்டா இல்லாத பெண் விவசாயியையும் விவசாயி என்று ஏற்றுக்கொள்.

3. மத்திய அரசே, 200 ரூபாய் பங்கை உயர்த்து. ஓய்வூதியச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்.

4. 1998-க்குப் பிறகான நிலப்பாழைக் கிராமம் கிராமமாக அளந்து இழப்பீடு கொடு. 70 வயது தாண்டியவர்களுக்கு முதலில் கொடு. இறந்தவர்களின் வாரிசுகளை அலைக்கழிக்காமல் ஊரிலேயே முகாம் போட்டுக் கொடு.

5. உப்பேறிப் பாழான நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பைத் தனியாக நிர்ணயம் செய்.

6. ரேகை விழாதவர்களுக்கு வீட்டிலேயே பணம் பட்டுவாடா செய்.

7. தோல், ஷூ கம்பெனிகளில் ஒருவர் விடாமல் பி.எப். கட்டு. குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்து.

8. பாலாற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விழாமல் இரவும் பகலும் கண்காணி.

பெருமக்களே! நமக்கு இன்னும் பத்து வருஷமோ இருபது வருஷமோ. ஆனால் இன்றைக்கு ஷூ தைக்கிற நம் பிள்ளைகளுக்கும் அறுபது வயசு வரும். அவர்களுக்கு நிலமும் இருக்காது, பத்து வருஷ சர்வீசும் இருக்காது என்ற நிலைமையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதனால் இந்த ஆர்ப்பாட்டத்துக்கு வயசானவர்கள் மட்டும் வந்தால் போதாது. கோட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று குடும்பத்தோடு வாருங்கள். பட்டா நகல், இழப்பீட்டு நோட்டீஸ், திருப்பி அனுப்பிய பென்ஷன் மனு, என்ன காகிதம் இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி அதிகாரி மேஜையில் வைப்போம்.

உழவர் ஓய்வூதியம் எங்கள் உரிமை!
பாழாக்கினவன் பாக்கியைக் கட்டு!
பாலாற்றைக் காப்போம்! முதியோரைக் காப்போம்!

பச்சைத் துண்டோடு திரண்டு வாரீர்! வாரீர்!